துடுப்பில் காது வைத்தல்: கைத்தொலைபேசிக் காலத்தில் மனதின் ஹுழூர்

மஃரிப் ஜமாஅத். இமாம் இரண்டாவது ரக்அத்தின் ருகூஉக்குக் குனிகிறார். மூன்றாவது ஸப்பில் ஒரு போன் அலறுகிறது. உரியவர் குனிந்தபடியே சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தடவுகிறார். பட்டன் பிடிபடவில்லை. அது தன் மெட்டை முழுவதுமாகப் பாடிவிட்டுத்தான் ஓய்கிறது. ஸலாம் கொடுத்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். "தொழ வாற ஆளுக்கு இத நிப்பாட்டத் தெரியாதா?" என்று பெரியவர் ஒருவர் சத்தமாகவே கேட்கிறார்.

நானும் அந்த மனிதரை முறைத்துப் பார்த்தேன். என் போன் மௌனத்தில் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பள்ளிவாசல் படியிறங்கிச் செருப்பைத் தேடும்போதுதான் உறைத்தது. அசருக்குப் பிறகு நான் ஒருவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். அவர் அதைப் பார்த்தாரா, நீலச் சரி விழுந்ததா, பார்த்தும் ஏன் பதில் போடவில்லை என்பதிலேயே மூன்று ரக்அத்தும் முடிந்திருந்தது. இமாம் என்ன ஸூரா ஓதினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மனிதரின் போன் ஒரு தடவை அடித்தது. என்னுடையது தொழுகை முடியும்வரை உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியே கேட்காத அந்த மணியை எப்படி அடக்குவது என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

இரண்டு வழிகளில் வந்த ஒரே கேள்வி

இன்று உலகெங்கும் பேசப்படும் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. இலங்கைச் சிவில் சேவையில் அதிகாரியாக இருந்தபோது பாலி மொழி கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கிலேயர், பௌத்த நூல்களில் வரும் 'ஸதி' என்ற பாலிச் சொல்லுக்கு 1881இல் வெளியான தன் மொழிபெயர்ப்பில் இந்த ஆங்கிலச் சொல்லைக் கையாண்டார். அது நிலைத்துவிட்டது. 1979இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் ஜோன் கபட்-ஸின் என்பவர் நாட்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ள நோயாளருக்காக எட்டு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். அதில் சமயத் தோற்றம் களையப்பட்டிருந்தது. மூச்சைக் கவனி, மனம் ஓடினால் ஓடியதை அறிந்துகொள், உன்னைத் திட்டாமல் திரும்ப மூச்சுக்கு வா என்பதே அந்தப் பயிற்சியின் சாரம்.

நம் மரபில் இதே கேள்வி தொழுகையின் வாசலால் வந்தது. உடல் தொழுகையில் நிற்கும்போது உள்ளம் எங்கே நிற்கிறது? உள்ளம் வந்து சேர்ந்திருப்பதை 'ஹுழூருல் கல்ப்' என்றார்கள். வந்த உள்ளம் பணிந்து அடங்குவது 'குஷூஃ'. இருந்தும் இல்லாதது போன்ற மறதி நிலைதான் 'கஃப்லத்'. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு உள்ளத்தைக் காவல் செய்வது 'முராகபா'. நாள் முடிவில் தன்னிடமே கணக்குக் கேட்பது 'முஹாஸபா'. இந்தப் பழக்கத்துக்காகவே பெயர் பெற்றவர் 857இல் மறைந்த ஹாரிஸ் அல்-முஹாஸிபி (ரஹ்). வெற்றி பெற்ற விசுவாசிகளின் அடையாளங்களை அடுக்கும் ஸூரத்துல் முஃமினூன், தொழுகையில் உள்ளச்சம் என்பதையே முதலாவதாக வைக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல. மருத்துவமனைப் பயிற்சியில் கவனமே போய்ச் சேரும் இடம். நமக்குக் கவனம் ஒரு வாசல். அதற்கு அப்பால் யார் முன் நிற்கிறோம் என்பதுதான் விடயம். ஆனால் மனம் எப்படி ஓடுகிறது, அதை எப்படித் திருப்புவது என்பதில் இரு தரப்பாரும் கண்டது வெகுவாக ஒத்துப்போகிறது. அண்டை வீட்டார் வைத்திருக்கும் விளக்கில் வெளிச்சம் எப்படி வருகிறது என்று பார்ப்பதில் தவறொன்றுமில்லை.

தூண்டில் யார் கையில்?

வாவியில் தூண்டில் போட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒவ்வொரு தடவையும் மீன் பட்டால் அலுத்துப்போகும். ஒருபோதும் படாவிட்டால் எழுந்து போய்விடுவோம். எப்போது படும் என்று தெரியாமல், இடைக்கிடை பட்டுக்கொண்டிருந்தால்தான் வெயிலையும் மறந்து உட்கார்ந்திருப்போம். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து ஆய்வுகூடத்தில் கண்டதும் இதைத்தான்: எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத வெகுமதிதான் பழக்கத்தை ஆக இறுக்கமாகக் கட்டுகிறது.

போனை எடுக்கும்போது நடப்பதும் இதுவே. பத்துத் தடவை எடுத்தால் எட்டுத் தடவை வெறும் குப்பை. ஒன்பதாவது தடவை கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய படம் இருக்கிறது. அந்த ஒன்றுக்காக அடுத்த பத்துத் தடவையும் கை தானாகப் போகிறது. தூண்டிலைப் பிடித்திருப்பது நாங்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் இரையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருப்பது நாங்கள்தான்.

பக்கம் முடியாமல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும் திரை அமைப்பை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ரஸ்கின் என்ற அமெரிக்கர். பின்னாளில் அதற்காக அவரே பகிரங்கமாக வருந்தினார். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு, வானொலிச் செய்திக்கு முடிவு உண்டு, இதற்கு இல்லை. தகவல் பெருகும் இடத்தில் கவனம் பஞ்சமாகும் என்ற கருத்தைப் பொருளியல் அறிஞர் ஹேர்பர்ட் சைமன் 1971இலேயே சொல்லிவைத்திருந்தார். பஞ்சமான பொருளுக்கு விலை ஏறும் என்பது எந்தக் கடைத்தெரு வியாபாரிக்கும் தெரியும். இன்று விலைபோவது எங்கள் கவனம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், மனிதர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் அளந்தவர். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். 2012 அளவில் 75 செக்கன். அண்மைக் காலத்தில் 47 செக்கன். ஸூரத்துல் ஃபாத்திஹாவை நிறுத்தி நிதானமாக ஓதவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனம் முழுதாகத் தாவுவதில்லை என்பதை 2009இல் சோஃபி லெரோய் தன் ஆய்வில் காட்டினார். முந்திய வேலையின் மிச்சம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். இகாமத் சொல்லும் வரை வட்ஸ்அப் பார்த்துவிட்டுத் தக்பீர் கட்டுகிறவருக்கு ஏன் முதல் ரக்அத் காணாமல் போகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

எங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது

"அப்ப போன ஓஃப் பண்ணி வெச்சாச் சரிதானே" என்று சொல்லிவிடலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் எங்களுக்கு அது அவ்வளவு லேசான பேச்சல்ல.

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடல் ஊருக்குள் வந்தது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி வீடியோவாகப் பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுக் கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் சொன்னது. சில நாட்களில் திகனை எரிந்தது. அரசாங்கம் சமூக ஊடகங்களையே முடக்க வேண்டிவந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் 21இன் பின்னர் வந்த வாரங்களை எங்களில் யாரும் மறக்கவில்லை. மே மாதம் சிலாபத்தில் ஒரு முகநூல் பின்னூட்டம் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டதே வடமேற்கில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்படத் தொடக்கமானது.

இப்படிப்பட்ட சனத்துக்கு இரவில் போனைத் தலைமாட்டில் வைப்பது வெறும் கெட்ட பழக்கம் அல்ல. அது காவல். கணவன் கட்டாரில், மகன் சவூதியில் என்றிருக்கும் வீடுகளில் அது பாசமும்கூட. ஜனாஸா அறிவித்தல் அதில்தான் வருகிறது. இரத்தம் தேவை என்ற செய்தியும் அதில்தான் வருகிறது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காவலே எங்களைக் காக்கத் தவறிய இடங்களும் உண்டு. அம்பாறையில் வதந்தியைப் பரப்பிய அதே விரல் வேகம் எங்கள் விரல்களிலும் இருந்தது. 2019இல் "இப்ப இந்த ஊருக்குள்ள பூந்திட்டாங்களாம்" என்று விசாரிக்காமல் அனுப்பி, பிள்ளைகளையும் வயதானவர்களையும் இரவு முழுக்க விழிக்க வைத்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். செய்தி வந்தால் தெளிவாக விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் கட்டளையிடுகிறது. விசாரிக்க நேரம் வேண்டும். நேரம் கிடைக்க மனம் ஒரு கணமாவது நிற்க வேண்டும். 2019 ஜனவரியில் வட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகம் முழுவதும் கட்டுப்படுத்தியது. இயந்திரத்துக்கே ஒரு தடை போட வேண்டியிருந்தது. மனிதனுக்குள் இருக்க வேண்டிய தடையைத்தான் நாம் இங்கே தேடுகிறோம். ஆகவே நிதானம் என்பது தனிமனித சுகம் மட்டுமல்ல, எங்கள் ஊரின் பாதுகாப்பும்தான்.

மேலாடையும் குழந்தையும்

கவனத்தைக் கலைப்பவற்றை நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் இரண்டு சம்பவங்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது மேலாடை. அபூ ஜஹ்ம் (ரழி) அன்பளித்த வேலைப்பாடுள்ள ஒரு மேலாடையை அணிந்து நபியவர்கள் தொழுதார்கள். அதன் வேலைப்பாட்டில் பார்வை ஒரு கணம் போனது. தொழுது முடிந்ததும் அதை அபூ ஜஹ்மிடமே அனுப்பிவிட்டு, அவரிடமிருந்த வேலைப்பாடற்ற சாதாரண ஆடையைக் கேட்டு வாங்கினார்கள். கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே பதிலுக்கு ஒன்றைக் கேட்டார்கள் என்று விளக்கவுரையாளர்கள் சொல்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'என் ஈமான் பலமானது, ஆடை என்ன செய்யும்' என்று அவர்கள் இருக்கவில்லை. பொருளை அப்புறப்படுத்தினார்கள். மனவுறுதியோடு மல்லுக்கட்டுவதைவிடக் காரணத்தை அகற்றுவது முந்தியது.

இரண்டாவது குழந்தையின் அழுகை. நீட்டித் தொழும் எண்ணத்தோடு தொழுகையைத் தொடங்குவார்கள். பின்னால் ஒரு குழந்தை அழுவது கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். ஹுழூர் என்பது காதை அடைத்துக்கொள்வதல்ல என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஆக முழுமையான தொழுகைக்குள்ளும் அந்த அழுகை கேட்டது, அதற்கு இடமும் கொடுக்கப்பட்டது.

எங்கள் போனில் வருகின்ற எல்லாமே இந்த இரண்டில் ஒன்று. ஒன்றில் அது அழுகிற குழந்தை, அல்லது மேலாடையின் பூவேலை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு, வைத்தியசாலையிலிருந்து வரும் அழைப்பு, வெள்ள எச்சரிக்கை ஆகியவை குழந்தையின் அழுகை. யாரோ ஒருவரின் கல்யாண வீடியோவுக்குக் கீழே நூற்றுப் பதினாறாவது ஆளாக 'மாஷா அல்லாஹ்' போட்டவர் யார் என்பது பூவேலை. சிக்கல் என்னவென்றால் போன் இரண்டுக்கும் ஒரே மணியை அடிக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பிரித்தறியும் நிலையைத்தான் நாம் நிம்மதி என்கிறோம்.

தொழுகையில் திரும்பிப் பார்ப்பது பற்றி ஆயிஷா (ரழி) கேட்டபோது, அது அடியானின் தொழுகையிலிருந்து ஷைத்தான் பறித்துக்கொள்ளும் களவு என்ற கருத்தில் பதில் வந்தது. களவு என்ற சொல் பொருத்தமானது. களவுபோனது போன பிறகுதான் தெரியும்.

கிளையும் மரமும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இந்த விடயத்தை அனுபவத்தோடு எழுதியவர். பக்தாதின் நிஸாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தபோது, தன் உள்ளம் எதைத் தேடுகிறது என்ற கேள்வி அவரை வாட்டியது. 1095இல் பதவியை விட்டு வெளியேறினார். அவருடைய இஹ்யா உலூமித்தீனில் தொழுகை பற்றிய பகுதி உள்ளத்தின் ஆறு நிலைகளைச் சொல்கிறது: உள்ளம் வந்து சேர்தல், ஓதுவதை விளங்குதல், மகத்துவத்தை உணர்தல், அச்சம், நம்பிக்கை, நாணம். முதலாவது இல்லாமல் மற்ற ஐந்துக்கும் நிற்க இடமில்லை.

மனம் சிதறுவதன் காரணங்களை அவர் வெளியே உள்ளவை, உள்ளே உள்ளவை என்று பிரிக்கிறார். வெளியே உள்ளவற்றுக்கு மருந்து எளிது. பார்வையைத் தாழ்த்து, சுவரோரமாக நில், இருண்ட சின்ன அறையில் தொழு, கண்ணை இழுக்கும் பொருளை முன்னால் வைக்காதே. உள்ளே உள்ளதற்கு ஓர் உவமை சொல்கிறார். ஒருவன் மரத்தடியில் இருந்து அமைதியாகச் சிந்திக்கப் பார்க்கிறான். மேலே குருவிகள் கூச்சல். தடியால் விரட்டுகிறான். திரும்ப வருகின்றன. மறுபடியும் விரட்டுகிறான். இப்படியே பொழுது போகிறது. இதற்கு முடிவு வேண்டுமென்றால் மரத்தை வெட்டு என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. ஆசையென்ற மரம் நிற்கும்வரை எண்ணங்கள் வந்து குந்திக்கொண்டே இருக்கும்.

அந்த நூலும் இமாம் மாலிக்கின் முவத்தாவும் அபூ தல்ஹா (ரழி) அவர்களைப் பற்றிச் சொல்கின்றன. தன் தோட்டத்தில் அவர் தொழுதபோது அடர்ந்த கிளைகளுக்குள் வெளியேற வழி தேடிய ஒரு பறவையின் பின்னால் கண் போனது. எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது தப்பிவிட்டது. அந்தத் தோட்டத்தையே ஸதகாவாகக் கொடுத்துவிட்டார். அவருக்கு மரத்தை வெட்டும் துணிவு இருந்தது.

எங்களிடம் அவ்வளவு கேட்க முடியாது. ஆனால் எங்கள் மரம் எது என்றாவது கேட்டுப் பார்க்கலாம். அறிவித்தல் ஒலிகளை நிறுத்தினால் குருவியை விரட்டியாகிறது. நாலு பேர் என்னைப் பார்த்தார்களா, மதித்தார்களா என்ற தவிப்பு வேரில் கிடக்கிறது. என் நீலச் சரிக்குப் பின்னால் இருந்தது அதுதான்.

செய்யக்கூடியவை

முதலாவது, மணிகளைப் பிரியுங்கள். குரல் அழைப்புக்கு மட்டும் ஒலியை வையுங்கள். குழுக்கள் எல்லாவற்றையும் மௌனமாக்குங்கள். அவசரமென்றால் அழைக்கச் சொல்லி வீட்டாருக்கும் வெளிநாட்டில் உள்ளவர்களுக்கும் ஒருதரம் சொல்லி வைத்தால் போதும். குழந்தையின் அழுகை கேட்கும், பூவேலை காத்திருக்கும்.

இரண்டாவது, தொழும்போதும் சாப்பிடும்போதும் போன் வேறு அறையில் இருக்கட்டும். 2017இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 800 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், போனை மேசையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் விட்டு வந்தவர்கள் மூளைக்கு வேலை தரும் சோதனைகளைச் சிறப்பாகச் செய்தார்கள். பிறகு செய்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதும் உண்மை. ஆனால் மேலாடையை அனுப்பிவைத்த ஸுன்னத்துக்கு ஆய்வின் சாட்சி கட்டாயமில்லை.

மூன்றாவது, வுழூவை மெதுவாகச் செய்யுங்கள். மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பில் உடலின் ஒவ்வொரு பாகத்தையும் கவனத்தோடு சுற்றிவரும் பயிற்சி உண்டு. எங்களுக்குத் தண்ணீரோடு அது இருக்கிறது. கையில் படும் குளிரையும் முகத்தில் வழிவதையும் உணருங்கள். பைப்பைத் திறந்துவிட்டுக் கதைத்துக்கொண்டே கழுவுவதை மட்டும் விட்டால் போதும், தண்ணீரும் மிச்சம்.

நான்காவது, தக்பீரைத் திரும்பிவரும் அழைப்பாகக் கேளுங்கள். மனம் ஓடுவது குற்றமல்ல, அது மனதின் சுபாவம். ஓடியதைக் கண்டு திரும்ப வருவதே பயிற்சி. ஒவ்வொரு திரும்புதலும் ஒரு தண்டால் எடுப்பது போல. இரண்டு ரக்அத் தொழுகையில் 11 தக்பீர், மூன்றில் 17, நான்கில் 22. ஐந்து நேரப் பர்ளையும் கூட்டினால் 94. ஒரு நாளைக்கு 94 தடவை 'எங்கே போனாய், வா' என்று கூப்பிடும் ஏற்பாடு எங்களிடம் ஏற்கெனவே உண்டு. 20இல் திரும்பினாலும் நேற்றைவிட நல்லதுதான்.

ஐந்தாவது, ஸலாம் கொடுத்த பின் மூன்று நிமிடம். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று இடப்பக்கம் திரும்பிய முகம் நேரே வருமுன் கை பைக்குள் போய்விடுகிறது. அந்தக் கையையே தஸ்பீஹுக்கு வேலைக்கு வையுங்கள். 33, 33, 33, பிறகு ஒன்றோடு நூறு. விரல்களை எண்ணுங்கள். விரலுக்கு வேலை இருந்தால் திரையைத் தேடாது.

ஆறாவது, படுக்குமுன் முஹாஸபா. இன்று எத்தனை மணிநேரம் என்று போனே கணக்குக் காட்டுகிறது. அதைப் பார்த்து, இதில் குழந்தை எவ்வளவு, பூவேலை எவ்வளவு என்று கேளுங்கள். திட்டிக்கொள்ள வேண்டாம். கணக்குத் தெரிந்த கடைக்காரன் மெதுவாகத் திருந்துவான்.

எல்லைகள்

இதை எல்லா நோய்க்கும் மருந்தென்று விற்பவர்களை நம்ப வேண்டாம். 2014இல் 47 பரிசோதனைகளையும் அவற்றில் பங்குபற்றிய 3515 பேரையும் தொகுத்துப் பார்த்த மருத்துவ மீளாய்வு ஒன்று, இவ்வகைப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கின்றன என்று கண்டது. கவனம் கூடுகிறது என்று சொல்லப் போதிய சான்று அதில் கிடைக்கவில்லை. எங்கள் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். போரும் சுனாமியும் கண்டவர்கள் கண்ணை மூடி அமைதியாக அமரும்போது, அமைதிக்குப் பதில் அந்த நாளே திரும்பி வரலாம். அப்படி வந்தால் அது ஈமானின் குறை அல்ல. கண்ணைத் திறந்து கொள்ளுங்கள், எழுந்து நடவுங்கள், நம்பிக்கையான ஒருவரோடு பேசுங்கள். தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவது போலப் போகலாம்.

தண்ணி அடங்கட்டும்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களை உலகறியச் சொன்னவர்களில் ஒருவர், இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட். 1848இல் இங்கு வந்து இரவில் தோணியில் போய்க் கேட்டதை எழுதினார். அது மீனல்ல, ஊரிதான் கத்துகிறது என்று மீனவர்கள் தனக்குச் சொன்னதையும் பதிந்தார். கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்து இரவில் அதைக் கேட்கும் முறை எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியில் காதை வைக்க வேண்டும்.

சின்ன வயதில் மூத்த வாப்பா என்னை ஒருமுறை கூட்டிப் போனார். துடுப்பில் காது வைத்துப் பார்த்தேன்.

"ஒண்டும் கேக்கல்ல."

"கொஞ்சம் பொறு மகன். தண்ணி அடங்கட்டும்."

நாங்கள் வலித்து வந்த அலைதான் எங்கள் காதை மறைத்தது. வாவி அதன் பாட்டில்தான் இருந்தது. தோணி ஆடுவது நின்ற பிறகு துடுப்புக்குள் ஏதோ நடுங்கியது. கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை விரலால் தேய்த்தது போன்ற ஓசை. அதிக நேரம் நிற்கவில்லை.

போன மாதம் உம்மா குசினியிலிருந்து வந்து எனக்கு எதிரே இருந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் 'ம்' கொட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. "நீ பாத்து முடி மகன், நான் பொறகு சொல்லுறன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இரவு சாப்பிடும்போது நினைவு வந்து கேட்டேன். "என்னமோ சொல்ல வந்தன். இப்ப மறந்து போச்சி" என்றார்.

அது என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. இப்போது உம்மா வந்து எதிரே இருந்தால் போனைக் கொண்டுபோய் மற்ற அறையில் வைத்துவிட்டு வருகிறேன். திரும்பி வர எனக்கு எட்டு அடி நடை. அதற்குள் தண்ணீர் கொஞ்சம் அடங்கிவிடுகிறது.